நெற்றியில் ஒரு பொய்!

போன் அலறியது.

சப் இன்ஸ்பெக்டர் சுதர்ஷினி குனியவில்லை. தலையை நிமிர்த்தியபடியே கையை மட்டும் நீட்டி, மேசையைத் தடவி எடுத்தாள்.

குனியக்கூடாது... நெற்றியைத் தொடக்கூடாது... தொப்பி போடவே கூடாது! காலையில் அவளுக்கு அப்படித்தான் உத்தரவு!

"ஹலோ, பொலிஸ்!"

"மிஸ்... ரத்தம் மிஸ்! எந்திரிக்க மாட்டேங்கிறாங்க மிஸ்!"

"யாரும்மா நீ? எங்கேருந்து பேசுற?"

"நிலா பியூட்டி பார்லர் மிஸ்! இங்க கூட்டித் தொடைக்கிற நல்லம்மா பேசுறேன். கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா... தயானி மிஸ் செத்துக் கெடக்குறாங்க!"

சுதர்ஷினி போனைக் காதோடு அழுத்தினாள்.

தயானியா?

செத்துப் போனவள்தான், அன்று காலையில் சுதர்ஷினியின் நெற்றியில் ஊசி குத்தியவள்!

எந்த ஊசி என்று கேட்கிறீர்களா? புருவத்துக்கு நடுவே விழும் சுருக்கத்தைத் தூங்கவைக்கும் ஊசி. கொழும்பில் அதைப் போட்டொக்ஸ் என்பார்கள். பதுளையில் யாரும் எதுவும் என்பதில்லை. போட்டுக்கொண்டவர்கள் வாயைத் திறந்தால்தானே!

தயானி கொழும்பில் ஒரு தோல் கிளினிக்கில் தாதியாக இருந்தவள். ஊருக்குத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் பார்லர் திறந்தாள். வெளியே போர்டில் முடி வெட்டுதல், மணப்பெண் அலங்காரம். உள்ளே திரைக்குப் பின்னால் ஊசி. அதற்கு அனுமதிப் பத்திரமும் கிடையாது, டாக்டரும் கிடையாது.

அதைப் பிடித்து மூட வேண்டியவள் சுதர்ஷினி. அவளோ அந்த நாற்காலியிலேயே போய்ச் சாய்ந்திருந்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதை!

ஏன் போனாள்? பாவம், பெரிய காரணம் ஒன்றுமில்லை. வருஷக்கணக்காக அடிபட்ட பெண்களின் முறைப்பாட்டைக் கேட்டுக் கேட்டு, அவள் புருவத்துக்கு நடுவே இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்துவிட்டன. வீட்டுக்குள் கால் வைத்ததுமே கணவன் நிமலன், "ஏன் கோவமா இருக்க?" என்று கேட்பான். கோபமே இல்லாத நாளிலும் கேட்பான். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தாள். அவன் கேட்டதில் தப்பில்லை.

"பயப்படாதீங்க மிஸ்," என்றிருந்தாள் தயானி, அன்று காலையில். "ஊசி போட்டதே தெரியாது. லீவு எடுத்து நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"மொகம் பொம்ம மாதிரி ஆகிராதுல்ல?"

"கொறைச்சலாத்தான் போடுறேன். நாலஞ்சு நாள்ல மெல்லத் தெரியும். நாலு மாசம் நிக்கும். பொறகு பழைய சுருக்கம் திரும்பி வந்துரும்... இன்னும் ரெண்டு குத்து கூட வைக்கவா?"

ஆசை யாரை விட்டது?

"வைங்க!" என்றாள் சுதர்ஷினி.

"இன்னைக்கி மட்டும் கவனம் மிஸ். தொப்பி போடாதீங்க. நெத்தியில இறுக்கி எதையும் கட்டாதீங்க. மருந்து கீழ எறங்கிருச்சுன்னா ஒரு வாரத்துல கண் இமை தொங்கிப் போகும்!"

பிறகு தயானி போனை எடுத்தாள்.

க்ளிக்!

"ஐயோ, எதுக்கு போட்டோ?"

"போடுறதுக்கு முன்னுக்கு ஒன்னு, பின்னுக்கு ஒன்னு. பேஸ்புக்ல போட்டாத்தானே மிஸ் ஆளுங்க வருவாங்க!"

"என்னையப் போட்டுறாதீங்க! மானம் போயிரும்!"

"கண்ண மறைச்சுத்தான் போடுவேன், பயப்படாதீங்க."

அப்போது திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஆண் இருமல்!

சுதர்ஷினி துள்ளி எழுந்தாள். "யாரு அது?"

"அடுத்த ஆள் மிஸ். ஒருத்தர் மொகத்த இன்னொருத்தர் பாக்க வேணாம்னுதான் நான் இப்படி வச்சிருக்கேன். முன் படியால வர்றது... பின் படியால போறது!"

கைப்பையிலிருந்து பச்சை ஷோலை உருவி, நெற்றியில் படாமல் தலையை மூடிக்கொண்டு, சுதர்ஷினி பின் படியால் இறங்கி ஓடினாள்.

இப்போது அதே இடத்துக்கு, சீருடையோடு, முன் படியால் ஏறுகிறாள்!

* * *

நாற்காலிக்குக் கீழே தயானி மல்லாந்து கிடந்தாள். நாற்காலியின் இரும்புக் காலில் பின்மண்டை மோதியிருந்தது. தரையெல்லாம் ரத்தம்.

நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி. புவனேந்திரன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தள்ளி விட்டிருக்காங்க. கைய முறுக்குன தடம் இருக்கு. போனையும் காணோம்... சுதர்ஷினி, தொப்பி எங்க?"

"தல... தலவலி சேர்."

போனைக் காணோம் என்ற சொல்லைக் கேட்டதும் சுதர்ஷினிக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா! அவளுடைய போட்டோவும் போனோடு போயிற்று! அடுத்த நொடியே தன்னை நினைத்து அவளுக்கே கூசியது. ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், இவளுக்கு அப்பாடாவாம்!

மூலையில் நல்லம்மா சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தொட்ட வயசு. பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பார்லரைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

கீழே துணிக்கடை வைத்திருக்கும் மஹ்ரூப் முதலாளியைக் கொன்ஸ்டபிள் அழைத்து வந்தான்.

"என்ன கண்டீங்க முதலாளி?" ஓ.ஐ.சி. கேட்டார். "சுதர்ஷினி, எழுதிக்கங்க."

"நான் கடைக்குப் பின்னுக்கு சாமான் எறக்கிட்டு ஈந்தேன் சேர். பத்தர மணி ஈக்கும். ஒரு பொம்புள தலைய மூடிக்கிட்டு, பின் படியால ஓட்டமா எறங்கிப் போனா!"

சுதர்ஷினியின் பேனா நின்றது.

"மொகம் தெரிஞ்சிச்சா?"

"இல்ல சேர். பச்ச ஷோலால மூடி ஈந்தா."

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

நல்லம்மாவின் தலையில் பச்சை ஷோல்!

பதுளைச் சந்தையில் பச்சை ஷோல் ஒன்றா இரண்டா? அதே போல இன்னொன்று, இந்த நிமிஷம், சுதர்ஷினியின் கைப்பையில் மடித்துக் கிடக்கிறது!

"நேத்து இவளுக்கும் தயானி மிஸ்ஸுக்கும் சண்ட புடிச்ச சத்தமும் கேட்டிச்சு," என்றார் மஹ்ரூப், மெல்ல.

"மருந்து போத்தல ஒன்ன ஒடச்சிட்டேன், அதுக்கு ஏசினாங்க சேர்!" நல்லம்மா பதறி எழுந்தாள். "சாமி சத்தியமா நான் ஒன்னும் செய்யல!"

"பத்தர மணிக்கி எங்க இருந்த?"

"எங்க தோட்டத்துல இன்னைக்கி அம்மன் திருவிழா சேர். பூ வாங்கப் போனேன்."

"ஒன்ன யாரு பாத்தா?"

"நான் பூவத்தான் சேர் பாத்தேன். என்னைய யாரு பாத்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பூ எங்க?"

"ரத்தத்தப் பாத்ததும் எங்க போட்டேன்னே தெரியல சேர்..."

ஓ.ஐ.சி. தலையை ஆட்டினார். கொன்ஸ்டபிள் நல்லம்மாவின் கையைப் பிடித்தான்.

சுதர்ஷினி வாயைத் திறந்தாள். 'அது நான் சேர்' என்று மூன்றே சொல். நாக்கு வரைக்கும் வந்தது.

பின்னாலேயே மற்றதும் வந்தது. பொலிஸ் நிலையம் முழுக்கச் சிரிப்பு... கொழும்பில் கெம்பஸில் படிக்கிற மகள் மதுஷாவின் காதுக்குப் போகிற கதை... 'இந்த வயசுல இவளுக்கு என்ன ஆசை?' என்று சந்தையில் கேட்கப்போகிற கேள்வி... அனுமதியில்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொண்ட பொலிஸ்காரி! வேலையும் போகும்!

வாயை மூடிக்கொண்டாள்.

'பச்சை ஷோல் அணிந்த பெண்' என்று தன் கையாலேயே எழுதி, மஹ்ரூபிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

* * *

நீதவான் நல்லம்மாவை விளக்கமறியலில் வைக்க உத்தரவிட்டார்.

ஊசி சொன்ன சொல் தவறவில்லை. நாலைந்து நாளில் சுதர்ஷினியின் நெற்றி மழுமழுவென்று ஆனது. கூடக் கேட்டு வாங்கிய இரண்டு குத்தும் தங்கள் வேலையைக் காட்டின. புருவம் இரண்டும் 'எங்களுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை' என்று உட்கார்ந்துகொண்டன!

"இப்பல்லாம் நீ கோவமாவே இல்ல போல," என்றான் நிமலன், சோற்றைப் பிசைந்தபடி. "பாக்கவே நல்லா இருக்கு. என்னா விசயம்?"

"ஒன்னுமில்லங்க."

"ஏதோ ஒரு பாரம் எறங்குன மாதிரி இருக்க."

சுதர்ஷினிக்குச் சோறு இறங்கவில்லை.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்ன பெரியவர் தயானியின் ஊசியைப் பார்த்ததில்லை. உள்ளே நெருப்பு எரிந்தது. வெளியே பௌர்ணமி!

ஒரு வாரம் போனது. மேலதிக வாக்குமூலம் எடுக்கச் சிறைச்சாலைக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். பெண் கைதி, பெண் அதிகாரி. வேறு யார் போவார்கள்?

நல்லம்மா பாதியாக இளைத்திருந்தாள். சுதர்ஷினியைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்!

"எதுக்கு சிரிக்கிற நல்லம்மா?"

"ஒங்க மொகத்தப் பாத்துத்தான் மிஸ். அன்னைக்கி நெத்தியச் சுருக்கிக்கிட்டு, பயந்த மாதிரி நின்னீங்க. இன்னைக்கி ஒரு கவலையும் இல்லாம இருக்கீங்க. அப்ப என்னைய விட்டுருவாங்க தானே? கேஸ்ல நல்ல சேதி ஏதும் இருக்கு தானே மிஸ்?"

சுதர்ஷினி பார்வையைக் கையிலிருந்த காகிதத்துக்குத் தாழ்த்தினாள்.

"சொல்லுங்க மிஸ்! மீரியபெத்தையில மல சரிஞ்சு மண்ணு வந்து மூடுனப்ப வூடு போச்சு, புருசன் போயிட்டாரு. நான் மட்டும் தப்பிச்சேன். எதுக்குத் தப்பிச்சேன்னு இத்தன வருசமா தெரியல. கொலகாரின்னு பேரு எடுக்கவா மிஸ் தப்பிச்சேன்?"

சுதர்ஷினியின் நெற்றி அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது. கொண்டுபோன காகிதத்தில் ஒரு சொல்லும் எழுதாமல் வெளியே வந்தாள்.

வாசலில் நின்று, வெட்கம் கெட்டவளே என்று தன்னையே ஏசினாள். சத்தமாகவே ஏசினாள். காவலுக்கு நின்றவன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்!

* * *

"சேர், பின் படியால எறங்குனது நல்லம்மா இல்ல."

ஓ.ஐ.சி. புவனேந்திரன் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

"பின்ன யாரு?"

"நான்."

வெளியே மழை கொட்டியது.

"நீங்களா? அங்க எதுக்கு போனீங்க?" அவரே ஒரு வழியும் காட்டினார். "ஓ... அந்த இடத்தச் சோதன போடப் போனீங்களா?"

ஆகா, எவ்வளவு அழகான பொய்! தட்டில் வைத்துக் கொடுக்கிறார்! 'ஆமா சேர்' என்று ஒரு சொல் சொன்னால் நல்லம்மாவும் தப்புவாள், மானமும் தப்பும்!

சுதர்ஷினி மூச்சை இழுத்து விட்டாள்.

"இல்ல சேர். ஊசி போட்டுக்கப் போனேன். நெத்தியில... சுருக்கம் போறதுக்கு."

ஓ.ஐ.சி. அவள் நெற்றியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சிரிப்பு வரும் போலிருந்தது. வரவில்லை. கோபந்தான் வந்தது!

"ஒரு வாரமா ஒரு அப்பாவி உள்ள இருக்கா! நீங்க ஒங்க கையாலயே அந்த வாக்குமூலத்த எழுதியிருக்கீங்க!"

"ஆமா சேர்."

"ஏன்? ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு சேர்."

"இப்ப?"

"இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அது ஊசி போட்ட வெக்கம்... இது நல்லம்மாவோட மொகத்தப் பாத்த வெக்கம். இதத் தாங்க முடியல சேர்."

புவனேந்திரன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"விசாரண வரும். வேலையும் போகலாம்."

"தெரியும் சேர். இன்னொன்னும் இருக்கு. நான் போகக்குள்ள திரைக்குப் பின்னால ஒரு ஆள் இருந்தாரு. ஆம்பள. இருமுனாரு. எனக்குப் பொறகு தயானிக்கிட்ட ஊசி போட்டது அவருதான்!"

"அதையும் இத்தன நாளா மறச்சீங்களா?"

அவர் மேசையில் ஓங்கி அடித்த நேரம்...

கதவைத் தட்டிக்கொண்டு கொன்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான்.

"சேர், தலைவர் வீரய்யா வந்திருக்காரு."

வீரய்யா, நல்லம்மா குடியிருக்கும் தோட்டத்தின் கோயில் தலைவர். வரப்போகிற பிரதேச சபைத் தேர்தலில் வேட்பாளர். நேரில் வயது அறுபது. போஸ்டரில் நாற்பது!

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மழை இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி!

"வணக்கம் ஐயா! வணக்கம் மிஸ்! இந்த நல்லம்மா கேஸ சட்டுப்புட்டுன்னு முடிச்சு வச்சிருங்க ஐயா. எங்க தோட்டத்துக்கே கெட்ட பேரு. எலெக்சன் வேற வருது."

"நீங்க அவளுக்காகப் பேச வந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றார் ஓ.ஐ.சி.

"கொலகாரிக்கு எதுக்கு ஐயா நான் பேசணும்?" வீரய்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, இருமினார்.

சுதர்ஷினி சட்டென்று திரும்பினாள்.

அந்த இருமல்!

இருமல் எல்லோருக்கும்தான் வரும். அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடி?

"கண்ணுக்கு என்னா தலைவரே?"

"குளவி கொட்டிருச்சு மிஸ். தேயில மலையில அது சகஜந்தானே."

"கழட்டுங்க பாப்போம். நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவதான். மருந்து சொல்றேன்."

"வேணாம் மிஸ், சரியாப் போச்சு."

"கழட்டுங்க தலைவரே," என்றார் ஓ.ஐ.சி.

கழற்றினார்.

வலது கண் இமை பாதி தொங்கிக் கிடந்தது! வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. அதற்கு மேலே, அறுபது வயது நெற்றி, இஸ்திரி போட்ட வேட்டியாக மின்னியது!

"குளவி கொட்டுனா பணியாரமா வீங்குமே தலைவரே. வீக்கத்தையே காணோம்?"

"வத்திருச்சு மிஸ்."

"எப்ப கொட்டுச்சு? திருவிழாவுக்கு முன்னுக்கா, பின்னுக்கா?"

திருவிழா என்றதும் வீரய்யாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. போனை எடுத்து நீட்டினார்.

"திருவிழாவப் பத்திக் கேட்டீங்களே, இதப் பாருங்க! அன்னைக்கி விடியக்காலையில இருந்து நான் கோயில விட்டு நகரவே இல்ல. டவுன் பக்கமே வரல. பின்னேரம் எனக்குத்தான் பரிவட்டம் கட்டுனாங்க!"

படத்தில் வீரய்யா மாலையோடு நின்றார். புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றியைச் சுற்றி, பட்டுத் துணி. பூசாரி இழுத்து முடிச்சுப் போட்டதில் தோலே பிதுங்கியிருந்தது.

பரிவட்டம்! கோயில் தலைவனுக்குக் கட்டுகிற மரியாதை. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு மரியாதை. அவிழ்ந்து விழுந்தால் ஊரே கைகொட்டும்!

"ரொம்ப இறுக்கமா கட்டியிருக்காங்க போல?"

"இறுக்கித்தானே கட்டணும் மிஸ்!"

"நடுவுல அவுக்கலாமா?"

"நல்லா கேட்டீங்க! சாமி ஊர்வலம் போயி கோயிலுக்குத் திரும்புற வரைக்கும் கை வைக்கக்கூடாது. அது வழக்கம்!"

சுதர்ஷினியின் காதில் தயானி பேசினாள். 'நெத்தியில இறுக்கி எதையும் கட்டாதீங்க... மருந்து கீழ எறங்கிருச்சுன்னா ஒரு வாரத்துல கண் இமை தொங்கிப் போகும்!'

காலையில் ஊசி... பின்னேரம் பரிவட்டம்! கொழும்பில் ஊசி போட்டுக்கொள்கிற எவருக்கும் இந்தக் கதி வராது. எங்கள் தோட்டத்துத் தலைவருக்குத்தான் வரும்!

"தலைவரே, கொஞ்சம் கோவப்பட்டுக் காட்டுங்க."

"என்னாது?"

"புருவத்தச் சுருக்கிக் காட்டுங்க. சும்மாதான்."

வீரய்யாவின் உதடு கோணியது. மூக்கு விரிந்தது. நெற்றி அசையவே இல்லை!

"வரலயா?" என்றாள் சுதர்ஷினி. "எனக்கும் வராது."

அசையாத இரண்டு நெற்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மேசை போன் அடித்தது. ஓ.ஐ.சி. அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வீரய்யா அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. சாய்ந்து, சுதர்ஷினியின் காதோரம் பல்லைக் கடித்தார்.

"ரொம்பத் தோண்டாதீங்க மிஸ்! பச்ச ஷோலால மூடிக்கிட்டு பின் படியால எறங்கி ஓடுனது யாருன்னு எனக்குத் தெரியும். ஓ.ஐ.சி. ஐயாகிட்ட சொல்லவா? பதுள டவுனே சிரிக்கும்! ஒங்க மானம் கப்பலேறிரும்!"

நேற்று சொல்லியிருந்தால் சுதர்ஷினி செத்தே போயிருப்பாள்.

இன்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க தலைவரே! சேருக்குக் கேக்கல!"

"வேணாம் மிஸ்..."

"எனக்குக் கேட்டுச்சு," என்றார் ஓ.ஐ.சி. போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "அத அவங்களே இப்பதான் சொல்லி முடிச்சாங்க. நீங்க அத எங்க இருந்து பாத்தீங்க?"

"அது... மஹ்ரூப் முதலாளி சொல்லி..."

"மஹ்ரூப் மொகத்தப் பாக்கல. அவரு பச்ச ஷோல்னு சொன்னதாலதான் நல்லம்மா உள்ள போனா! எறங்குனது சுதர்ஷினின்னு ஒலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி செத்துட்டா. மத்தவன் திரைக்குப் பின்னால நின்னவன்!"

வீரய்யா எழுந்தார். கதவில் கொன்ஸ்டபிள் நின்றான். மறுபடி உட்கார்ந்தார்.

"போஸ்டருக்கு போட்டோ எடுக்கணும்னுதான் ஐயா போனேன்," தலைவரின் குரல் உடைந்தது. "ஊசி போட்டு முடிச்சதும் படம் புடிச்சா. பேஸ்புக்ல போடுவேன்னா. கண்ண மறச்சாலும் என் மீசைய யாருக்குத் தெரியாது? படத்த அழின்னு சொன்னேன், சிரிச்சா! போனப் புடுங்குனேன். கைய விடல. தள்ளுனேன்... கொல்லணும்னு இல்லீங்க ஐயா!"

"போன் எங்க?"

"பதுளு ஓயா ஆத்துல எறிஞ்சிட்டேன்."

"எதுக்குய்யா? ஒரு போட்டோவுக்காகவா ஒரு உசுரு?"

வீரய்யா தலையைக் குனிந்தார். தொங்கிய இமை இன்னும் தொங்கியது.

"வெக்கம் ஐயா," என்றார்.

சுதர்ஷினி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சொன்ன அதே சொல்! அவன் வெட்கத்துக்கு ஓர் உயிர் போயிற்று. அவள் வெட்கத்துக்கு இன்னொன்று போக இருந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

* * *

நல்லம்மா விடுதலையான அன்று, சிறைச்சாலை வாசலில் சுதர்ஷினி நின்றாள். சீருடை இல்லை. விசாரணை முடியும் வரைக்கும் அவளை வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள். நிமலனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் ஏசவில்லை. 'கோவமா இருக்கியான்னு இனிமே கேக்க மாட்டேன்' என்று மட்டும் சொன்னான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நல்லம்மா வெளியே வந்தாள். பச்சை ஷோல் தோளில் கிடந்தது.

"நல்லம்மாக்கா!"

அதுவரைக்கும் பெயர் சொல்லியே அழைத்தவள், முதல் தடவையாக அக்கா என்றாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் மிஸ்," என்றாள் நல்லம்மா. "படியால எறங்குனது நீங்களாமே."

"ஆமாக்கா. அன்னைக்கே சொல்லியிருந்தா நீங்க ஒரு நாள்கூட உள்ள இருந்திருக்க மாட்டீங்க. வாயத் தொறக்காம நின்னேன். என் கையாலயே எழுதுனேன். என்னைய மன்னிச்சிருங்கக்கா!"

கண்ணீர் ஓடியது. கை இரண்டையும் கூப்பினாள்.

நல்லம்மா கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"மன்னிப்பு கேக்குற மொகமாவே தெரியலயே மிஸ்!"

"ஊசிக்கா... நாலு மாசம் நிக்கும். அதுவரைக்கும் நெத்தி அசையாது."

நல்லம்மா ஷோலை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள். பசறை பஸ் தூரத்தில் ஹோர்ன் அடித்தது. அதைப் பார்த்து நடந்தவள், பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"அப்ப நாலு மாசம் கழிச்சு, சுருக்கத்தோட வந்து கேளுங்க மிஸ்... யோசிச்சுப் பாக்குறேன்!"